செருப்புக்குள் ஒரு கல்

போன வாரம் நண்பன் ஒருவன் ஆபீஸிலிருந்து போன் செய்தான். குரலில் ஒரே குஷி.

''டேய், மீட்டிங்ல எங்க மேனேஜர் என்னைப் பத்தி எம்.டி.கிட்ட ஏதோ இங்கிலீஷ்ல சொன்னார்டா. எனக்கு 'ஸ்க்ரூப்பிள்ஸே கிடையாது'ன்னார். பாராட்டுதானே?''

''ஏன் அப்படி நினைக்கறே?''

''கேட்டா முகப்பரு மாதிரி இருக்கு. இல்லைன்னா நல்லதுதானே!''

பி.காம். படித்தவனிடம் இங்கிலீஷ் சந்தேகம் கேட்பது, பல் டாக்டரிடம் கண்ணைக் காட்டுகிற மாதிரி. இருந்தாலும் பத்திரிகையில் எழுதுகிறவனாச்சே, கௌரவம் என்னாவது? ''வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்'' என்று போனை வைத்துவிட்டு அகராதியைப் புரட்டினேன்.

லத்தீனில் 'ஸ்க்ரூபுலஸ்' என்றால் சின்ன, கூரான கல். செருப்புக்குள் புகுந்துகொள்கிற சமாசாரம். அதோடு நடக்கலாம். கீழே விழமாட்டீர்கள். ரத்தமும் வராது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் 'உள்ளேன் ஐயா' என்று ஆஜர் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரி சிசரோ இந்தச் சொல்லை மனசை அரிக்கிற கவலைக்குப் பயன்படுத்திவிட்டார்.

அந்தக் கால இங்கிலீஷ் மருந்துக் கடைகளில் 'ஸ்க்ரூப்பிள்' ஒரு எடையும்கூட. 24 ஸ்க்ரூப்பிள் ஒரு அவுன்ஸ். நம் கணக்கில் சுமார் 1.3 கிராம். ஒரு சவரனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மனசாட்சியின் எடை அவ்வளவுதான் போலிருக்கிறது!

நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? கண்ணில் தூசி விழுந்தாலும் 'உறுத்துது', தப்பு செய்யப் போனாலும் 'உறுத்துது'. ரோமாபுரிக்காரனும் நம்ம ஊர்ப் பாட்டியும் ஒரே இடத்தில்தான் கல்லை மிதித்திருக்கிறார்கள்.

இதற்கு இங்கிலீஷில் இரண்டு பங்காளிகள் உண்டு. ஒன்று 'கம்பங்க்ஷன்'. குத்துவது என்று அர்த்தம். மெக்கானிக் கடை போர்டில் தொங்குகிறதே 'பஞ்சர்', அதுவும் இதுவும் ஒரே லத்தீன் வேர். இன்னொன்று 'ரிமோர்ஸ்'. திரும்பக் கடிப்பது என்று அர்த்தம். உபயோகத்தில் ஒரு முக்கியமான வித்தியாசம். ஸ்க்ரூப்பிள் பெரும்பாலும் தப்பு செய்வதற்கு முன்னால் வருவது, பிரேக் மாதிரி. ரிமோர்ஸ் இடித்த பிறகு வருவது. பிரேக் பிடிக்காதவனுக்குத்தான் கடி.

எனக்குக் கடி 2012-ல்.

அப்போது ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் புதுசாகச் சேர்ந்திருந்தேன். புரொபேஷன். கேஷியர் வயசானவர். முப்பது வருஷ சர்வீஸில் பத்து பைசா இடித்ததில்லை. ஸ்க்ரூப்புலஸ் என்ற சொல்லுக்கு நேர்மையானவர், துல்லியமானவர் என்று இரண்டு அர்த்தம். அவர் இரண்டும்.

ஒரு நாள், ''பெட்டியைப் பார்த்துக்கோ தம்பி'' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த நேரம் பார்த்து லாரி வந்தது. இறக்கு கூலி 500 ரூபாயைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வவுச்சரில் கைநாட்டு வாங்கி, பெட்டிக்குள் போடாமல் பேன்ட் பாக்கெட்டில் போட்டு, அடியோடு மறந்துபோனேன்.

சாயங்காலம் கேஷ் 500 குறைந்தது. ''நான் இல்லாதப்ப ஏதாச்சும் பட்டுவாடா பண்ணினியாப்பா?'' என்று கேட்டார். ''இல்லையே சார்!'' சத்தியமாக, மனமறிந்த பொய் இல்லை. நாலு தடவை எண்ணினார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து 500 ரூபாயை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

இரண்டு நாள் கழித்துத் துணி துவைக்கும்போது அம்மா அந்த வவுச்சரை எடுத்துக் கொடுத்தாள். ''ஆபீஸ் காகிதமாடா?''

அதை அவரிடம் நீட்ட எத்தனை நிமிஷம் ஆகும்? ஆனால் அந்த வாரம்தான் என் வேலை நிரந்தரமாகிற ஆர்டர் வரவேண்டும். வவுச்சரை நாலாகக் கிழித்து, பஸ் ஸ்டாப் சாக்கடையில் போட்டேன். கல் உறுத்தியது. நடந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவராகவே மேனேஜரிடம் போய், ''கண்ணு மங்கிடுச்சு சார், கேஷை வேற யாருக்காவது கொடுத்துடுங்க'' என்று கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாறிக்கொண்டார். எனக்கு ஆர்டர் வந்தது. 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி நாடு முழுக்கப் பழைய 500 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். என்னுடைய 500 மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது.

அகராதியை மூடியதும் பழைய சகா ஒருவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். வட்டி போட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். இதற்கு என்ன ரேட் என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

அடையாளம் தெரிந்து, ''வா தம்பி'' என்றார். காபி வந்தது. பேத்தி கடையிலிருந்து வந்து மீதிச் சில்லறையை நீட்டினாள். அவர் கை நீட்டவில்லை. ''நீயே எண்ணி வைம்மா. தாத்தா எண்ணினா தப்பாயிடும்.''

எனக்குக் காபி இறங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை முன்னால் வைத்தேன்.

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

''அப்போ... அன்னிக்கு நான் எண்ணினது சரியாத்தான் இருந்துச்சா?''

''சரி சார். ஒரு பைசா தப்பில்லை.''

நோட்டுகளை எடுத்தார். எண்ணினார். ஒரே ஒரு தடவைதான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ''பாப்பா, அந்தச் சில்லறையைக் கொண்டா'' என்றார்.

மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

ஆகவே இளைஞர்களே, உங்கள் பாக்கெட்டிலும் ஏதாவது வவுச்சர் இருந்தால் நாளைக் காலையிலேயே நீட்டிவிடுங்கள். திட்டு கிடைக்கும். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து நண்பனுக்கு போன் போட்டு ஸ்க்ரூப்பிள்ஸுக்கு அர்த்தம் சொன்னேன். லைனில் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்புறம் மெதுவாக, ''போன மாசம் நான் போட்ட டாக்ஸி பில் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு போலிருக்குடா'' என்றான்.