பில் போடக் கொடுத்த நம்பர், விளம்பரம் அனுப்பக் கொடுத்த நம்பர் இல்லை

ஆடி மாசம் நெருங்கினாலே வியாபாரம் பண்றவங்ககிட்ட இருந்து எனக்கு ஒரே மாதிரி கேள்வி வரும். இந்தத் தடவை கேட்டவர் ஈரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு ஜவுளிக்கடை வெச்சிருக்கார், நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவர்.

"அண்ணே, ஒரு ஏஜென்ட் வந்திருக்காருங்க. இருபதாயிரம் போன் நம்பர் தர்றாராம், எல்லாம் நம்ம ஏரியா குடும்பங்க. கடை சிம் ரெண்டு குடுத்தா போதும், மெஷின்ல போட்டு ஒரே நாள்ல எல்லாருக்கும் ஆடித் தள்ளுபடி மெசேஜ் அனுப்பிருவாராம். மொத்தமே ஆறாயிரம். நோட்டீஸ் அடிச்சாலே அதுக்கு மேல ஆகும். தப்பில்லைங்களே?"

தப்புதான்னு சொன்னேன். உடனே அவர் கேட்டார் பாருங்க: "சட்டப்படி தப்பா, இல்ல உங்களுக்குப் பிடிக்கலையா?" நல்ல கேள்வி. ரெண்டும் வேற வேற. முதல்ல சட்டத்தையே பார்ப்போம், ஏன்னா அதுலதான் அவரோட காசு மாட்டியிருக்கு.

நம்ம நாட்டுல வியாபார மெசேஜ், வியாபார கால் ரெண்டுக்கும் டிராய் 2018ல் போட்ட விதிமுறைகள்தான் அடிப்படை. அதன்படி விளம்பர மெசேஜ் அனுப்பணும்னா நிறுவனம் டிஎல்டி தளத்துல பதிவு பண்ணணும். உங்க பேர்ல ஒரு ஹெடர் வாங்கணும், அனுப்பப்போற மெசேஜோட மாதிரியையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும். சாதாரண பத்து இலக்க நம்பர்ல இருந்து விளம்பரம் அனுப்பவே கூடாது. ஏஜென்ட் சொன்ன "ரெண்டு சிம்" வழி இங்கேயே அடிபட்டுப் போச்சு.

2025 பிப்ரவரியில் இந்த விதிகளை இன்னும் இறுக்கினாங்க. பதிவு இல்லாத நம்பர்ல இருந்து விளம்பரம் வந்தா, டிஎன்டி பதிவு பண்ணாதவங்களும் புகார் கொடுக்கலாம், ஏழு நாள் வரை டைம் இருக்கு. பத்து நாளைக்குள்ள அஞ்சு புகார் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம். இருபதாயிரம் பேர்ல அஞ்சே பேர்! முதல் தடவை தப்பு உறுதியானா உங்க நம்பர்கள்ல இருந்து வெளியே போற சேவை 15 நாள் நிற்கும். மறுபடியும் பண்ணினா, உங்க பேர்ல இருக்கிற எல்லா இணைப்பும் எல்லா கம்பெனியிலயும் ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பு.

இதை அவர்கிட்ட சொன்னப்போ, "சிம் போனா வேற சிம்"னு சிரிச்சார். சார், அந்த நம்பர்லதானே உங்க யுபிஐ இருக்கு? பேங்க் ஓடிபி, ஜிஎஸ்டி லாகின், கூகுள் மேப்ல இருக்கிற கடை நம்பர், சூரத்துல இருந்து சரக்கு அனுப்புறவர் கூப்பிடுற நம்பர்? அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆறாயிரம் ரூபாய் விளம்பரத்துக்காக கடையோட கல்லாச் சாவியை ஏஜென்ட் கையில் கொடுக்கிற மாதிரிதான் இது.

சரி, முறையா டிஎல்டி பதிவு பண்ணிட்டா எல்லாம் நியாயம் ஆயிடுமா? ஆகாது. இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க.

என் கதையையே சொல்றேன். சேனல் ஆரம்பிச்ச புதுசுல ஒரு அபார்ட்மென்ட்ல மியூச்சுவல் ஃபண்ட் பத்தி இலவசமா பேசக் கூப்பிட்டாங்க. வாசல்ல ஒரு நோட்டு வெச்சு, வந்தவங்க பேரும் நம்பரும் எழுதிட்டு டீ டோக்கன் வாங்கிட்டுப் போனாங்க. ஒரு மாசம் கழிச்சு நான் கட்டண வகுப்பு ஒண்ணு ஆரம்பிச்சப்போ அந்த நோட்டை எடுத்து அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப் தட்டிட்டேன். ஒரு பெரியவர் பதில் போட்டிருந்தார்: "தம்பி, நான் நம்பர் எழுதினது டீக்கு." அவ்வளவுதான், ஒரு திட்டுகூட இல்லை. எனக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கலை. நான் எந்த டிராய் விதியையும் மீறலை, ஏன்னா அந்த விதிகள் வாட்ஸ்அப்புக்குப் பொருந்தாது. ஆனா அவர் ஒரு காரியத்துக்குக் கொடுத்ததை நான் இன்னொரு காரியத்துக்கு எடுத்துக்கிட்டேன்.

பில் கவுன்ட்டர்ல நடக்கிறதும் இதேதான். "நம்பர் சொல்லுங்க மேடம்"னு கேட்பாங்க, பின்னாடி க்யூ நிக்கும், நாமளும் சொல்லிடுவோம். நம்பர் கொடுத்தாத்தான் பில்னு கடைக்காரங்க கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாசமே சொல்லிடுச்சு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023லயே வந்தாச்சு. எந்தக் காரியத்துக்குச் சம்மதம் வாங்கினீங்களோ அதுக்கு மட்டும்தான் தகவலைப் பயன்படுத்தணும்ங்கிறது அதோட அடிப்படை. சம்மதம் கேட்கிற அறிவிப்பைத் தமிழ்லயே படிக்கிற வாய்ப்பும் கொடுக்கணும். விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் இருக்கு. அவகாசம் இருக்குன்னு ஏஜென்ட்கிட்ட லிஸ்ட் வாங்காதீங்க. அந்த இருபதாயிரம் பேர்ல ஒருத்தர்கூட உங்க கடைக்கு "சரி"ன்னு சொன்னதில்லை.

"ஒரு மெசேஜ்தானே, பிடிக்கலைன்னா டெலீட் பண்ணிட்டுப் போறாங்க"ன்னு வாதம் பண்றவங்க உண்டு. போன தீபாவளிக்கு எங்க மாமனார் போனை வாங்கிப் பார்த்தேன். படிக்காத மெசேஜ் நானூத்தி சொச்சம். லோன், பட்டா மனை, ரம்மி, பட்டுப்புடவை... அதுக்கு நடுவுல பேங்க்ல இருந்து வந்த டெபிட் மெசேஜ் ஒண்ணு, ஒன்பது நாள் பழசு. அதிர்ஷ்டவசமா அது அவரே போட்ட எல்ஐசி பிரீமியம். வேற யாராவது எடுத்திருந்தா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட உத்தரவுப்படி, நம்ம மேலயும் பேங்க் மேலயும் தப்பில்லாம மூணாவது ஆள் பணத்தை எடுத்திருந்தா, பேங்க் தகவல் கொடுத்ததுல இருந்து மூணு வேலை நாளுக்குள்ள சொன்னாத்தான் நமக்கு நஷ்டமே இல்லை. ஏழு வேலை நாள் தாண்டிட்டா அந்த பேங்க்கோட பாலிசி என்ன சொல்லுதோ அதுதான். குப்பைக்குள்ள அந்த ஒரு மெசேஜ் புதைஞ்சு போறதோட விலை இது. குப்பை போட்டவங்க யாரும் அந்த விலையைக் கொடுக்கப் போறதில்லை.

இதுல எனக்கு ரொம்பக் கடுப்பாகிறது, "உங்க ஆர்டர் டெலிவரி ஆச்சு"ன்னு ஆரம்பிச்சு கடைசியில் "அடுத்த வாங்கலுக்கு 20% தள்ளுபடி"ன்னு முடிக்கிற மெசேஜ். விளம்பரம் கலந்துட்டாலே அது விளம்பர மெசேஜ்தான், விதியும் அப்படித்தான் பார்க்குது. இப்போ அனுப்புறவர் பேரோட கடைசியில் ஒரு எழுத்து வருது கவனிச்சீங்களா? ஆங்கில 'பி' வந்தா விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசாங்கம். வீட்டுல பெரியவங்களுக்கு இதை ஒரு தடவை காட்டிக்கொடுங்க.

ஈரோட்டுக்காரர்கிட்ட கடைசியா நான் சொன்னது, கவுன்ட்டர்ல ஒரு சின்ன நோட்டு வைங்க. "ஆடிக்கும் தீபாவளிக்கும் மட்டும் மெசேஜ் அனுப்பலாமா?"ன்னு கேளுங்க. சரின்னு சொல்றவங்க மட்டும் அவங்க கையாலயே எழுதட்டும். வேண்டாம்னு சொன்னா உடனே நிறுத்துங்க. ஒருத்தர் விலகிட்டா 90 நாளைக்கு அவர்கிட்ட மறுபடியும் சம்மதம் கேட்கக்கூட முடியாது, இதுவும் 2025 திருத்தத்துலயே இருக்கு. அப்புறம் டிஎல்டி பதிவை முடிச்சு அந்த நோட்டுல இருக்கிறவங்களுக்கு மட்டும் அனுப்புங்க. "இருநூறு பேர்கூடத் தேறாதுங்களே"ன்னார். இருநூறு பேர் கடைக்கு வர விரும்புறவங்க சார், அந்த இருபதாயிரத்துல எத்தனை பேர் அப்படி? யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். ஏஜென்ட்டுக்கு என்ன பதில் சொன்னார்னு எனக்கு இன்னும் தகவல் வரலை.

மெசேஜ் வாங்கி நொந்துபோனவங்களுக்கு: 1909க்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட், ஒரு இடம் விட்டு 0 போட்டு அனுப்பினா எல்லா விளம்பரத்தையும் தடுக்கக் கேட்கலாம். அதுக்கு அப்புறமும் வந்தா டிராயோட டிஎன்டி ஆப்ல புகார் போடுங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. எந்த பட்டனை அழுத்தணும்னு இந்த வார வீடியோவுல என் போன்லயே செஞ்சு காட்டியிருக்கேன்.