தலைவர் மாறலாம், ஊருணி மாறக்கூடாது

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 முதல் புதிய தலைவர் பொறுப்புக்கு வருகிறார். ராமநாதபுரமோ பரமக்குடியோ ராமேசுவரமோ, எந்த ஊர்ச் சங்கமானாலும் பதவிக்காலம் ஓராண்டுதான். அதற்குள் தம் பெயர் சொல்ல ஒரு திட்டம் வேண்டும் என்று புதியவர் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் போன ஆண்டுத் தலைவர் தூர்வாரிய ஊருணியை இந்த ஆண்டு யார் பார்ப்பது? ராமநாதபுரம் மாவட்டத்துத் தன்னார்வச் சங்கங்கள் ஆண்டுக்கொரு புதுத் திட்டம் தேடுவதை விட்டுவிட்டு, சங்கத்துக்கு ஓர் ஊருணியையோ தீர்த்தத்தையோ எடுத்துக்கொண்டு பத்தாண்டு பராமரிக்க வேண்டும். இதுவே நம் கருத்து.

ஊருணியைச் சொல்லக் காரணம் உண்டு. மாநிலச் சராசரியைவிடக் குறைவாக மழை பெறும் மாவட்டம் இது. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாளில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊருணியைத்தான் தேடிப் போகிறார்கள். அந்த ஊருணி தண்ணீரைத் தாங்கி நிற்பது அடியிலுள்ள களிமண் படுகையால். ஜேசிபியை இறக்கி ஒரே நாளில் ஆழமாக அள்ளினால் படுகை கிழிந்துவிடும். நல்ல தண்ணீர் கீழே இறங்கும், சில இடங்களில் உவர் மேலே ஏறும். அள்ளிய மண்ணைக் கரையோரமே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேயே வந்து சேரும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் எவ்வளவு தோண்டினாலும் பயனில்லை. சீமைக் கருவேலத்தின் கதையும் இதுதான். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கிறது. காயைத் தின்ற ஆடுகள் போகிற இடமெல்லாம் விதையைப் போடுகின்றன. 2017-இல் அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது தன்னார்வலர்கள் ஆர்வமாகத்தான் இறங்கினார்கள். ஆனால் தொடர்ந்து கன்று பிடுங்க ஆளில்லாத இடத்தில் ஒருமுறை வெட்டி என்ன பயன்?

தொடர்ந்து செய்தால் நடக்கும் என்பதற்குச் சான்றுகள் நம் கண்முன்னேயே இருக்கின்றன. ராமேசுவரம் கோயிலுக்கு வெளியே தீவெங்கும் சிதறிக் கிடந்த தீர்த்தங்களை விவேகானந்த கேந்திரம் பசுமை ராமேசுவரம் திட்டத்தின் கீழ் ஒவ்வொன்றாக மீட்டது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அங்கே நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மணலுக்குள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதே காரணம். இதை அறிந்து பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை அது. மதுரையின் தானம் அறக்கட்டளை, தண்ணீர் எடுப்பவர்களையே சங்கமாகத் திரட்டி, அவர்கள் பங்கையும் வாங்கி, நீர்நிலையை அவர்கள் பொறுப்பிலேயே விடும் முறையை வளர்த்திருக்கிறது. இவற்றைவிடப் பெரிய சான்று ரோட்டரியின் வரலாற்றிலேயே உள்ளது. 1985-இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்த அந்த இயக்கம் இன்றுவரை அதை விடவில்லை. இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச்சில். இடையில் உலகத் தலைவர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள், வேலை மட்டும் மாறவில்லை. உலக அளவில் முடிந்தது ஓர் ஊருணி அளவில் முடியாதா?

ஒருநாள் சேவையால் பயனே இல்லையா, கண் சிகிச்சை முகாம்கள் எத்தனை பேருக்குப் பார்வை தந்தன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களை உற்றுப் பாருங்கள். ஊர்ச் சங்கம் இடமும் ஆட்களும் ஏற்பாடு செய்கிறது. கண்புரை உள்ளவரைப் பேருந்தில் அழைத்துப்போய் அறுவை செய்து, திரும்ப ஊரில் விட்டு, பிறகு மறுபரிசோதனையும் செய்வது மருத்துவமனை. ஒருநாள் முகாமுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் இயங்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஊருணிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? (ஒருநாள் சேவைகளில் பனை விதை ஊன்றுவது மட்டும் ஓரளவு விலக்கு. பருவமழைக்கு முன் கண்மாய்க் கரையில் ஊன்றிவிட்டால், மற்றக் கன்றுகளைப் போல அது தினமும் தண்ணீர் கேட்பதில்லை.) இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: நீர்நிலையைக் காப்பது அரசின் கடமை, அதை ஏன் சங்கங்களின் தலையில் கட்ட வேண்டும்? கட்ட வேண்டாம். உரிமையும் பொறுப்பும் ஊராட்சியிடமே இருக்கட்டும். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. அந்தப் பங்கைத் திரட்டவும், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கவும் சங்கத்தால் முடியும். பத்தாண்டு ஒரே இடத்தில் நிற்கும் சங்கம் கேட்டால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் கேட்டால் யார் மதிப்பார்கள்?

மாவட்ட நிர்வாகத்துக்கும் இதில் வேலை உண்டு. தூர்வார அனுமதி கேட்டு வரும் எந்தச் சங்கத்திடமும் பராமரிப்பு ஒப்பந்தம் கேட்க வேண்டும்: எவ்வளவு ஆழம் தோண்டலாம், மண் எங்கே போகும், செப்டம்பருக்குள் வரத்துக்காலை யார் சுத்தம் செய்வார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். பருவமழைக்குப் பின் ஊருணியில் எத்தனை அடி நின்றது, இப்போது எவ்வளவு மிச்சம், சங்கம் செலவழித்தது எவ்வளவு என்ற கணக்கை, அந்த ஆண்டின் தலைவர் யாராக இருந்தாலும், அன்று அந்த ஊர்ப் பெண்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.