‘ஒரு பாட்டுதானே... டவுன்லோடு பண்ணா என்ன?’ - உண்மையில் நஷ்டம் யாருக்கு?

2011 நவம்பரில் ‘3’ படத்தின் ஒரு பாட்டு, வேலை முடியும் முன்பே இணையத்தில் கசிந்தது. படக்குழு வேறு வழியில்லாமல் நவம்பர் 16-ம் தேதி அதன் அதிகாரப்பூர்வ வீடியோவை யூடியூபில் வெளியிட்டது. அதன்பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தமிழே தெரியாத ஊர்களில் எல்லாம் ‘கொலவெறி’ ஒலித்தது. அறிமுக இசையமைப்பாளர் அனிருத் ஒரே பாட்டில் இந்தியா முழுக்கத் தெரிந்த பெயர் ஆனார்.

திருட்டு டவுன்லோடு பற்றி யார் பேச்சை எடுத்தாலும், “கொலவெறி லீக் ஆனதாலதானே ஹிட்டாச்சு?” என்று ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். கூடவே இன்னும் சில வாதங்கள் வரும். அனிருத்துக்கும் ஏ.ஆர்.ரஹ்மானுக்கும் காசுக்கு என்ன பஞ்சம்? படத்தோட பட்ஜெட்லயே பாட்டுக்குச் சம்பளம் கொடுத்தாச்சே? நான் டவுன்லோடு பண்ணலைன்னா மட்டும் காசு கொடுத்தா வாங்கப் போறேன்? இந்தக் கடைசி வாதத்தில் கொஞ்சம் நேர்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டவுன்லோடு ஆன ஒவ்வொரு பாட்டும் விற்காமல் போன ஒரு பாட்டு என்று இசை நிறுவனங்கள் போடும் கணக்கை நானும் நம்புவதில்லை.

ஆனால், கொலவெறி கதையில் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். நாடு முழுக்கக் கேட்டது கசிந்த அந்த அரைகுறைப் பதிவை அல்ல, அதிகாரப்பூர்வ வீடியோவை. இலவசமாகத்தான் பார்த்தோம், இருந்தும் ஒவ்வொரு முறை பார்த்ததும் ஒரு கணக்கில் ஏறியது. ‘இலவசம்’ வேறு, ‘கணக்கில் வராதது’ வேறு. முழு விவகாரமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இலவசத் தளம் யாருக்குச் சம்பாதிக்கிறது?

கூகுளில் படத்தின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘எம்பி3’ என்று சேர்த்தால் வரிசையாக வந்து நிற்கும் தளங்களைப் பார்த்திருப்பீர்கள். 128 கேபிபிஎஸ், 320 கேபிபிஎஸ், ஜிப் ஃபைல் எனப் பிரித்து, ஆல்பம் அட்டைப் படத்தோடு, பாடலாசிரியர் பெயர் வரைக்கும் போட்டு வைத்திருப்பார்கள். சில அதிகாரப்பூர்வ ஆப்களில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது! டவுன்லோடு பட்டனைத் தொட்டால் முதலில் திறப்பது சூதாட்ட ஆப் விளம்பரம். இரண்டாவது முறை தொட்டால் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று ஒரு பக்கம். மூன்றாவது முறைதான் பாட்டு வரும்.

அந்த முதல் இரண்டு தொடுதல்களுக்கும் யாரோ ஒருவர் காசு வாங்குகிறார். அதாவது பாட்டை எழுதாத, இசையமைக்காத, பாடாத ஒருவர் அந்தப் பாட்டை வைத்துச் சம்பாதிக்கிறார். ‘கலை எல்லோருக்கும் பொது’ என்று பேசுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இங்கே எதுவும் பொதுவாகவில்லை, முதலாளிதான் மாறியிருக்கிறார்.

இந்தப் பழக்கம் இணையத்தோடு வந்ததும் இல்லை. அப்பா, சித்தப்பா தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். பஜாரில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்திருக்கும். அறுபது நிமிடம் அல்லது தொண்ணூறு நிமிட வெற்று கேசட்டும், பேப்பரில் எழுதிய பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். ‘ஏ’ சைடு முழுக்க இளையராஜா காதல் பாட்டு, ‘பி’ சைடில் சோகம். பிறகு மெமரி கார்டு காலம் வந்தது. செல்போன் கடையில் கார்டை நீட்டினால் நூறு, இருநூறு பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். சட்டப்படி பார்த்தால் இரண்டுமே மீறல்தான். நம் ஊரில் இசை ரசனை பரவியதில் அந்தக் கடைகளுக்கும் பங்கு உண்டு என்பதும் உண்மைதான். அந்தக் கடைக்காரரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால், அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் சட்டத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

ஒரு பாட்டு, மூன்று சொத்து

நாம் ‘ஒரு பாட்டு’ என்று சொல்வது சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. வரிகள் தனி, இசையமைப்பு தனி, ஸ்டுடியோவில் பதிவான ஒலிப்பதிவு தனி. மூன்றுக்கும் தனித்தனி உரிமை, தனித்தனிக் காலவரம்பு. ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வரிக்கும் இசைக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதன்பிறகு 60 ஆண்டுகளும். உதாரணமாக, 1964-ல் வெளியான ஒரு பாடலின் ஒலிப்பதிவுக்கான உரிமை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அதே பாட்டுக்கு இசையமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன் என்றால், அவர் 2015-ல் மறைந்தார் என்பதால் இசைக்கான உரிமை 2075 வரை இருக்கும். ‘பழைய பாட்டுதானே, யாருக்குச் சொந்தம்?’ என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

இந்த உரிமைகள் யார் கையில் இருந்தன என்பதுதான் முக்கியமான கதை. 1977-ல் ஐ.பி.ஆர்.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், படத்துக்காக உருவாகும் பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்பது அதன் சாரம். அதே வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் தனியாக எழுதிய குறிப்பில், பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று கவலைப்பட்டிருந்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒருமுறை சம்பளம் வாங்கினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், அதோடு முடிந்தது. பாட்டு எத்தனை லட்சம் கேசட் விற்றாலும் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில் பங்கு வந்ததில்லை.

ஆகவே, ‘சம்பளம் கொடுத்தாச்சே’ என்ற வாதம் அந்தக் காலத்துக்கு ஓரளவு பொருந்தும். 1985-ல் நீங்கள் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு பதிந்தபோது நஷ்டம் கேசட் கம்பெனிக்குத்தான்.

2012-ல் இது மாறியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் தொடர்ந்து போராடியதன் பலனாகப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர, பாட்டு வேறு எந்த வழியில் பயன்பட்டாலும், வரி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்த உரிமையை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கோ ஆடியோ நிறுவனத்துக்கோ எழுதிக் கொடுக்க முடியாது என்பதுதான் இதில் விசேஷம். பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும்கூட வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை வந்தது. பாடகர்களின் அமைப்பாகத் தொடங்கிய ‘இஸ்ரா’, பிறகு இசைக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு ‘இஸம்ரா’ ஆனது.

சட்டத்தில் இருப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால், கணக்கில் ஏறினால்தான் கேட்கவாவது முடியும். திருட்டுத் தளத்திலிருந்து இறங்கும் ஃபைல் எந்தக் கணக்கிலும் ஏறாது. அனிருத்துக்கு அது பெரிய விஷயமாக இருக்காது. நான்கு படத்துக்கு ஒரு பாட்டு எழுதும் பாடலாசிரியருக்கு, வாய்ப்பு இல்லாத ஆண்டிலும் வரக்கூடிய ஒரே வருமானம் அதுவாக இருக்கலாம்.

ஸ்டுடியோவில் வயலினோ, தவிலோ, புல்லாங்குழலோ வாசிப்பவரின் நிலை இன்னும் மோசம். அவருக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம். கம்ப்யூட்டர் வந்த பிறகு நாற்பது வயலின் வாசித்த இடத்தில் ஒரு கீபோர்டு போதும் என்றானது. அவருடைய வேலையைப் பறித்தது டவுன்லோடு என்று சொன்னால் அது பொய். ஆனால், பாட்டு விற்று வரும் பணம் குறையும்போது ரெக்கார்டிங் பட்ஜெட்டில்தான் கத்தரி விழும், அதில் முதலில் போவது அவருடைய கால்ஷீட்.

‘லீகலா கேட்டா மட்டும் போய்ச் சேருதா?’

இதுதான் நேர்மையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் ‘திருடாதே’ என்று மட்டும் பாடம் எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

2021 மார்ச்சில் ‘மாஜா’ தளத்தில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எடுத்துக்கொள்வோம். அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன். சினிமாவுக்கு வெளியே வந்து உலகம் முழுக்கப் போன தமிழ்ப் பாட்டு. மக்கள் அதைப் பெரும்பாலும் கேட்டது முறையான வழியில்தான், யூடியூபிலும் ஆப்களிலும். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டு, அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்றார். நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதை ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால், இவ்வளவு பெரிய ஹிட்டின் வரவு செலவு பற்றி அதை உருவாக்கியவரே வெளியே வந்து பேச வேண்டியிருக்கிறது என்றால், சின்னக் கலைஞர்களின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங் கணக்கே கொஞ்சம் விசித்திரமானது. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியா வந்தபோது பிரீமியம் மாதம் 119 ரூபாய். நீங்கள் அதைக் கட்டி, மாதம் முழுக்க ஒரே ஒரு பறை இசைக் குழுவை மட்டும் கேட்டீர்கள் என்று வையுங்கள். உங்கள் காசு அந்தக் குழுவுக்கு நேராகப் போகாது. எல்லோருடைய பணமும் ஒரே உண்டியலில் விழும். மொத்த ஸ்ட்ரீம்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிப்பார்கள். ஆக, நீங்கள் கேட்டே இராத சூப்பர்ஹிட் பாட்டுக்குத்தான் உங்கள் காசில் பெரும்பங்கு போகும். போதாக்குறைக்கு, 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது என்று 2024-ல் ஸ்பாட்டிஃபை விதி கொண்டுவந்தது.

ஆப்களும் நம்பகமாக இல்லை. கானா 2022-ல் இலவச சேவையை நிறுத்தியது. 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ போனது, அதே ஆண்டு விங்க் மூடப்படுவதாக ஏர்டெல் அறிவித்தது. வருடக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட்டை இழந்தவர் எம்பி3-யைத் தேடிப் போனால் அவரைத் திட்ட எனக்கு வாய் வராது.

அப்போ டவுன்லோடு சரியா? அப்படியும் சொல்ல மாட்டேன். கலைஞருக்குச் சேர வேண்டியதை நிறுவனம் குறைத்துக் கொடுக்கிறது என்றால், அதற்காக நாமும் மிச்சத்தைக் கொடுக்காமல் இருப்பது எப்படி அவருக்கு ஆதரவாகும்? ஹோட்டல் முதலாளி சர்வருக்குச் சரியாகச் சம்பளம் தருவதில்லை என்று பில் கட்டாமல் எழுந்து வருவது மாதிரிதான் அது.

சட்டம் இதில் கடுமையாகத்தான் இருக்கிறது. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2004-லேயே குண்டர் சட்டத்தில் ‘வீடியோ பைரேட்’களைச் சேர்த்துவிட்டார்கள். அதற்காகப் பாட்டு கேட்பவர் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை; நடவடிக்கை எல்லாம் தளம் நடத்துபவர்கள் மேல்தான். ஒரு தளத்தை முடக்கினால் பெயரில் ஓர் எழுத்து மாறி அடுத்தது வந்துவிடும். ஆகவே பயத்தால் இது நிற்காது.

என் கணக்கில் எல்லா டவுன்லோடும் ஒன்றல்ல. எந்த ஆப்பிலும் இல்லாத, கம்பெனியே கைவிட்ட ஒரு 70-களின் பாட்டை ஒரு ரசிகர் தன் கேசட்டிலிருந்து ஏற்றி வைத்திருக்கிறார். அதை இறக்கிக் கேட்பவரிடம் எனக்குப் பெரிய புகார் இல்லை. சட்டம் வேறு மாதிரி சொல்லும், சொல்லட்டும். புதுப் படப் பாட்டைத் திருட்டுத் தளத்தில் இறக்குவது எனக்கு உறுத்துகிறது. அது யூடியூபில் இலவசமாகவே கிடைக்கும்போது சூதாட்ட விளம்பரக்காரருக்கு ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

சுயாதீனக் கலைஞர் விஷயத்தில் எந்தச் சாக்கும் செல்லாது என்று நினைக்கிறேன். அவருக்குத் தயாரிப்பாளர் இல்லை, முன்பணம் இல்லை. மிக்ஸிங், மாஸ்டரிங், வீடியோ எல்லாம் கைக்காசு. யூடியூபில் உள்ள அவர் பாட்டை எம்பி3-யாக மாற்றி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், 200 பேர் கேட்டது அவர் கணக்கில் பூஜ்ஜியம். அந்த 1,000 ஸ்ட்ரீம் வரம்புக்குக் கீழே தடுமாறுவதும் அவர்தான். கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்களும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

ஃபைலை அனுப்புவதற்குப் பதில் லிங்க்கை அனுப்பினால் அந்த 200-ம் அவர் கணக்கில் ஏறும். கையில் காசு இருந்தால், ஆப்பில் மாதக்கணக்கில் கேட்பதைவிட அவருடைய ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுப்பதோ, பேண்ட்கேம்ப் மாதிரி தளத்தில் ஆல்பத்தை நேரடியாக வாங்குவதோ அவருக்கு அதிகம் போய்ச் சேரும். பேண்ட்கேம்ப்பில் வாங்கினால் எம்பி3 ஃபைல் உங்கள் கையிலேயே இருக்கும், ஆப் மூடினாலும் போகாது.