ஆலய மண்டபங்கள் திறக்கட்டும்

ரத்ததான முகாம், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், தேர்வுக்காலப் பயிற்சி வகுப்பு என ஊருக்குத் தேவையான எத்தனையோ காரியங்களுக்குத் தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் மண்டபங்கள் திறக்கப்படுகின்றன. தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட பால்புதுமையினர் தங்கள் உரிமைகளைப் பற்றிப் பேச ஒரு மாலைப்பொழுது கேட்டால் மட்டும் தயக்கம் வந்துவிடுகிறது. இந்தத் தயக்கம் போக வேண்டும். மண்டபத்தின் சாவியைக் கொடுப்பதோடு நிற்காமல், திருச்சபைகள் தாமே முன்வந்து இத்தகைய கூட்டங்களை நடத்த வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரின் கிளைடு மெதடிஸ்ட் ஆலயத்தைச் சேர்ந்த போதகர் டெட் மெக்கில்வென்னாவின் முயற்சியால் ஒரு சந்திப்பு நடந்தது. நகருக்கு அருகே மில் வேலியில் போதகர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் ஒன்றாகத் தங்கி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டார்கள். தன்பாலீர்ப்பு அங்கே சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. அந்தச் சந்திப்பிலிருந்து ஒரு கூட்டமைப்பு பிறந்தது. அதற்கு நிதி திரட்ட, 1965 ஜனவரி 1 அன்று கலிபோர்னியா ஹால் என்ற அரங்கில் நடன விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள். காவல்துறையிடம் முன்கூட்டியே பேசியும் இருந்தார்கள். ஆனால் அன்றிரவு காவலர்கள் வாசலில் விளக்குகளைப் பாய்ச்சி, உள்ளே வந்த ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்தார்கள். தடுத்துக் கேட்ட வழக்கறிஞர்களைக் கைது செய்தார்கள்.

தன்பாலீர்ப்பாளர்களுக்கு இது பழகிப்போன அவமானம். போதகர்களுக்கோ கண்ணெதிரே அதைக் காண்பது அதுவே முதன்முறை. மறுநாள் அவர்கள் போதகர் உடையோடு பத்திரிகையாளர்களைச் சந்தித்து, காவல்துறையைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவிக்கும்படி நீதிபதியே உத்தரவிட்டார். அந்தப் போதகர்கள் வேதாகமத்தைப் புதிதாக எழுதவில்லை. அண்டைவீட்டாருக்கு நேர்ந்த அநீதியைப் பார்த்தார்கள், பார்த்ததைச் சொன்னார்கள். முந்தைய ஆண்டு மில் வேலியில் உட்கார்ந்து கேட்டிராவிட்டால் அந்த இரவில் அவர்கள் அங்கே இருந்திருக்கவே மாட்டார்கள்.

கேட்பதால் மனம் மாறும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பு பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். அதன்பிறகே, 2021 ஜூன் 7 அன்று, சிகிச்சை என்ற பெயரில் ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் படைத்த ஒருவர் மாணவராக உட்கார முடிந்திருக்கிறது. மேய்ப்பர்கள் என்று அழைக்கப்படுபவர்களுக்கு அது முடியாதா?

முடிய வேண்டும் என்று நாம் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மகனோ மகளோ தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லும்போது, கிறிஸ்தவக் குடும்பங்கள் பல முதலில் ஓடுவது போதகரிடமோ பங்குத்தந்தையிடமோதான். அங்கே அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறுதலா, பிசாசு விரட்டும் ஜெபமா என்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மருத்துவர்களுக்கு அறிவித்துவிட்டது. அந்த விதி ஜெப வீடுகளைக் கட்டுப்படுத்தாது. அந்த வாசலில் காவல் நிற்க வேண்டியது திருச்சபையின் மனசாட்சி மட்டுமே.

திருச்சபைகளுக்கு இதில் தீர்க்க வேண்டிய கடனும் உண்டு. தன்பாலுறவைக் குற்றமாக்க 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய 377ஆவது சட்டப்பிரிவைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றம் வரை சென்றவர்களில் உத்கல் கிறிஸ்தவ கவுன்சிலும் அப்போஸ்தலச் சபைகளின் கூட்டணியும் இருந்தன. மனமொத்த வயதுவந்தோரின் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். பால்புதுமையினரின் உரிமை மேற்கிலிருந்து வந்த இறக்குமதி என்று இன்றும் சில பிரசங்க பீடங்களிலிருந்து பேசுகிறவர்கள், தண்டனைச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சபைக்குச் சொல்லட்டும்.

கோட்பாடு தடுக்கிறது என்ற மறுப்பு நேர்மையானது. அதற்கும் பதில் இருக்கிறது. திருமணம் பற்றிய கத்தோலிக்கப் போதனையை மாற்றாமலேயே, தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் சொன்னார். அதைக் குற்றமாக்கும் சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்கள் மனம் மாற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு வருபவர்கள் திருமண உரிமை பற்றியும் பேசுவார்கள். பேசட்டும். கேட்பதாலேயே எந்தச் சபையும் தன் விசுவாசத்தை இழந்துவிடாது.

நம் திருச்சபைகளின் வரலாறும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் போராடியபோது மிஷனரிகள் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1859இல் அரச ஆணை வரும்வரை அந்தப் போராட்டம் ஓயவில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச்சுவர் எழுவதைப் பொறுத்துக்கொண்ட திருச்சபைகளும் உண்டு. இந்த இரண்டில் எதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம் என்பது எல்லாச் சபைகளுக்கும் தெரியும்.

கூட்டம் நடத்துவதிலும் கவனம் வேண்டும். மேடையைத் திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர்களிடம் விட்டுவிட்டு, குருக்கள் கீழே அமர வேண்டும். வருபவர்களின் பெயரைக் கேட்கவோ படம் எடுக்கவோ கூடாது. குழம்பித் தவிக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். சட்ட உதவி தருபவர் ஒருவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு பேராயமும் மறைமாவட்டமும் இந்த ஆண்டுக்குள் குறைந்தது ஓர் ஆலயத்திலாவது இத்தகைய கூட்டத்தை அறிவிக்க வேண்டும். அதன் தேதியை ஞாயிறு ஆராதனையிலும் திருப்பலியிலும் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும் என்று பேராயர்களையும் ஆயர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.