வாப்பாவின் பெயரும் உசாத்துணைப் பட்டியலும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆய்வு எழுதுகிறவர்களும், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிற உம்மா வாப்பாமாரும் ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம். கொட்டியாரக் குடாவில் தொழில் செய்கிறவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை, அதுதான் வாடை, கொண்டல், சோழகம், கச்சான், வகுப்பில் விஞ்ஞானப் பாடத்துக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பது விஷயம். ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது. உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உசாத்துணைகள் ஏ.பி.ஏ. முறையில் இல்லை, திருத்தி அனுப்பவும். அவ்வளவுதான்.

முதலில் கோபம்தான் வந்தது. காற்புள்ளிக்கும் சாய்வெழுத்துக்குமா ஒரு கட்டுரையைத் திருப்புவது என்று ஆசிரியர் அறையில் இருந்து கதைத்துக்கொண்டோம். பிறகு பட்டியலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. 'முஹம்மத், 2016' என்று நாலு இடத்தில் கிடக்கிறது. நாலும் நாலு ஆட்கள். 'பாத்திமா' என்று இரண்டு. எல்லோரும் எங்கள் மாகாணத்துக்காரர்கள். அதில் ஒருவர் எங்களுக்குப் படிப்பித்தவர். அவரையே ஆள் அடையாளம் தெரியாமல் ஆக்கி வைத்திருக்கிறோம்.

ஏ.பி.ஏ. என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை. அதன் ஏழாம் பதிப்பு 2019 இல் வந்தது. குடும்பப் பெயர் முன்னால், காற்புள்ளி, முதலெழுத்துகள், பிறகு அடைப்புக்குறிக்குள் ஆண்டு. குடும்பப் பெயர் உள்ளவர்களுக்குச் சுகமான வேலை. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. வாப்பாவின் பெயர் எழுத்தாக முன்னால் நிற்கும், சொந்தப் பெயர் கடைசியில் வரும். எம்.எச். ரிஸ்வான் என்று ஒருவர் எழுதினால் 'ரிஸ்வான், எம்.எச்.' என்று சரியாகவே வரும். பழைய ஆட்களின் இனிஷியல் வழக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. இணையப் படிவம் 'முதற்பெயர், கடைசிப்பெயர்' என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் சிக்கல். நம் இளையவர்கள் 'ரிஸ்வான் முஹம்மத்' என்றும் 'ஹுஸ்னா பாத்திமா' என்றும் நிரப்பிவிடுகிறார்கள். ரிஸ்வான் எழுதியதை உலகம் முஹம்மத் எழுதியதாக வாசிக்கிறது. கடைசியில் வாப்பாவின் பெயரைப் போட்டால் அதைவிட வேடிக்கை. ஆய்வு செய்தது மகள், மேற்கோளில் வருவது வாப்பா. (வாப்பாமார் சந்தோஷப்படுவார்கள், அது வேறு கதை.)

முஸ்லிம்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை இது. 1895 இல் 'மோகனாங்கி' நாவலை எழுதிய தி.த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். அவர் பெயருக்கு முன்னால் நிற்கிற 'தி' நம் ஊர். ஆங்கிலத்தில் பெயரைப் பிரித்து எழுதி மென்பொருளிடம் கொடுத்தால் அவர் வெறும் 'பிள்ளை' ஆகிவிடுவார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனுக்கும் அப்படித்தான், 'எஸ்' ஊர், 'ஆர்' தகப்பன். ஒரு பெயரின் எந்தச் சொல்லில் ஆள் இருக்கிறார் என்பது சமூகத்துக்குச் சமூகம் மாறும் என்று எடுத்துச்சொல்லி, நூற்பட்டியல் விதிகளில் அதற்கு இடம் தேடியவர் அவர்.

எங்களிடம் இதைவிடப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. அறிவிப்பாளர் யார், யாருடைய மகன், எந்த ஊர், யாரிடம் கேட்டார் என்று பார்ப்பதுதானே இஸ்னாத். ஒரே பெயருள்ள அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே, ஹிஜ்ரி 463 இல் வபாத்தான கதீப் அல்-பக்தாதி 'அல்-முத்தபிக் வல்-முப்தரிக்' என்று ஒரு நூல் எழுதினார். இமாம் புகாரியின் சொந்தப் பெயர் முஹம்மத், வாப்பா இஸ்மாயில், புகாரி என்பது ஊரால் வந்தது. கணினி இல்லாத காலத்தில் அத்தனை முஹம்மதுகளையும் பிரித்தறிந்த உம்மத்தில் பிறந்துவிட்டு, நாங்கள் நாலு முஹம்மதைப் பிரிக்கத் தெரியாமல் நின்றோம். வட்ஸ்அப்பில் 'ஆதாரம்: புகாரி' என்று மட்டும் போட்டு அனுப்புகிற பழக்கமும் இந்தச் சோம்பலின் தம்பிதான். ஹதீஸ் எண் போட்டாலும் எந்தப் பதிப்பின் எண் என்று சொல்ல வேண்டும், பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஸொட்டேரோ போன்ற மென்பொருளில் கடைசிப்பெயர் கட்டத்துக்குள் ஆளின் சொந்தப் பெயரைப் போடுங்கள், மற்றதெல்லாம் முதற்பெயர் கட்டத்துக்குள். உங்கள் சொந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கட்டுரையில் இன்னொன்று என்றால் ஒரே ஆள் மூன்று ஆள் ஆகிவிடுவார். ஓர்சிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாக எடுக்கலாம், 2012 இலிருந்து இருக்கிறது. பழைய தமிழ் நூல்களின் பதிப்பு விபரத்தை நூலகம் இணையத்தளத்தில் சரிபாருங்கள். போன வருடப் பிரிவு செய்த பட்டியலைப் பிரதி பண்ணாதீர்கள். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் அதைத்தான் செய்தோம், அதன் விளைச்சல்தான் இது.

சஞ்சிகை நடத்துகிறவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. 'ஏ.பி.ஏ. முறையில் அனுப்பவும்' என்று ஒரு வரி போடுகிறவர்கள், தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்களை எப்படி எழுதுவது என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் என்ன? தமிழ்ச் சஞ்சிகையே எங்கள் பெயரை வெட்டினால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

இனி எங்களை உண்மையில் உறுத்திய விஷயம். அந்தக் காற்றுப் பெயர்களை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் ஒரு மாமா. ஐம்பது வருடமாகக் குடாவில் தொழில். கட்டுரையைப் போனில் காட்டினோம். கடைசிப் பக்கம் வரைக்கும் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல என்ட பேரு எங்க சேர்?" என்றார்.

இல்லை. நேரில் கேட்டதை ஏ.பி.ஏ. 'தனிப்பட்ட தொடர்பாடல்' என்கிறது. கட்டுரைக்குள்ளே அடைப்புக்குறியில் வரலாம், பட்டியலில் வராது. வாசிக்கிறவர் தேடி எடுக்க முடியாததற்குப் பட்டியலில் இடமில்லை என்பது அதன் நியாயம். அதே பட்டியலில் ரொபர்ட் நொக்ஸ் இருக்கிறார். 1660 இல் இந்தக் குடாவுக்குக் கப்பலில் வந்து பிடிபட்டவர், 1681 இல் இலண்டனில் புத்தகம் போட்டார். அவர் பெயர் எந்த மென்பொருளிலும் உடையாது. மூதூரில் அவருக்கு நினைவுக்கல்லும் இருக்கிறது.

கனடாவில் நோர்குவெஸ்ட் கல்லூரி நூலகத்தில் லொரீசியா மக்லியோட் என்பவர், பூர்வகுடி மூத்தவர்களைப் பட்டியலுக்குள்ளேயே சேர்க்க ஒரு வடிவம் செய்தார். பெயர், சமூகம், வாழும் இடம், சொன்ன விஷயம், நாள். 2021 இல் அதைப்பற்றிக் கட்டுரையும் எழுதினார். நாங்கள் அந்த வடிவத்தில் மாமாவைச் சேர்த்து, ஏன் சேர்த்தோம் என்று சஞ்சிகைக்கு ஒரு கடிதமும் வைத்திருக்கிறோம். அவர்கள் மறுத்தால் அடுத்த வழி, மாமா பேசுவதை ஒலிப்பதிவு செய்து, நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் போன்ற ஓரிடத்தில் சேர்ப்பது. யாரும் தேடிக் கேட்கலாம் என்றால் பட்டியலில் வராது என்று எவரும் சொல்ல முடியாது.

அதனால் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பதிவு. காற்றுச் சத்தம் விழாத இடமாகப் பாருங்கள் மாமா என்றோம்.

"காத்தப் பத்தித்தானே கதைக்கப் போறம் சேர், அதுவும் கேக்கட்டுமே" என்கிறார்.