ரான்ச் டிரஸ்ஸிங்கும் ப்ளீச் பூச்சாண்டியும்

"அமெரிக்காவுல சாலட்ல ஊத்துற ரான்ச் டிரஸ்ஸிங்கை ப்ளீச் கம்பெனிதான் தயாரிக்குது, அது விஷம்"னு பயமுறுத்துறவங்க இருக்காங்க.

முதல் பாதி உண்மை. ஹிடன் வேலி ரான்ச் பிராண்டை க்ளோராக்ஸ் 1972-ல் 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. துணி வெளுக்கிற ப்ளீச்சும் அவங்க சரக்குதான். அதுக்காக ப்ளீச் சாலட்டுக்குள்ள குதிச்சிடாது! இந்தப் பூச்சாண்டியில நிஜப் பிரச்சினை தப்பிச்சுப் போயிடுது.

கதையைக் கேளுங்க. ஸ்டீவ் ஹென்சன் அலாஸ்காவில் பிளம்பிங் கான்ட்ராக்டர். கூட வேலை செஞ்ச ஆட்களுக்குச் சமைச்சுப் போட்டப்போ உருவாக்கின கலவை இது. 1954-ல் அவரும் மனைவி கேலும் கலிஃபோர்னியாவில், சாண்டா பார்பரா பக்கத்துல மலையில ஒரு பண்ணை வாங்கி ஹிடன் வேலி ரான்ச்னு பேர் வெச்சாங்க. அங்க தங்க வந்தவங்களுக்கு இந்த ருசி பிடிச்சுப்போச்சு. அப்புறம் மசாலாப் பொடியைப் பாக்கெட் போட்டு தபால்ல வித்தாங்க. வாங்கினவங்க மோரும் மயோனைஸும் சேர்த்து வீட்டுலயே கலக்கணும். (நம்ம நீர்மோர் இல்ல, கெட்டியா புளிச்ச மோர்.)

மயோனைஸே எண்ணெயும் முட்டையும்தான். அதனால அப்பவும் இது பத்தியச் சாப்பாடு இல்ல. ஆனா உள்ள என்ன போகுதுன்னு கலக்கினவங்களுக்குத் தெரியும்.

1983-ல் கடை அலமாரியில கெடாம நிக்கிற பாட்டில் வந்தது. 1992-ல் அமெரிக்காவிலேயே அதிகம் விக்கிற டிரஸ்ஸிங் ரான்ச்தான். லேபிள்ல எடை அதிகமா இருக்கிறதை முதல்ல போடணும்கிறது விதி. இந்தப் பாட்டில்ல முதல் பேர் எண்ணெய். மோர், சர்க்கரைக்கும் உப்புக்கும் பின்னாடி நிக்குது.

ரெண்டு டேபிள்ஸ்பூன்ல சுமார் 130 கலோரி. அதுல பத்துல ஒன்பது பங்கு கொழுப்பு. 100 கிராம் வெள்ளரிக்காய்ல 15 கலோரி சொச்சம்தான். இப்ப சொல்லுங்க, நீங்க சாப்பிடுறது சாலட்டா, எண்ணெயா? சோடியம் 260 மில்லிகிராம் பக்கம். ஒரு நாளைக்கே 2000-க்குள்ள இருக்கணும்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். ரெண்டு ஸ்பூனோட நிறுத்துறவங்க எத்தனை பேர்?

அஜினமோட்டோ இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, அந்த அளவுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. பயப்பட வேண்டியது பாட்டில் மேல இருக்கிற பச்சைக் காய்கறிப் படத்துக்கு.

பிள்ளைங்களைப் பாக்க அமெரிக்கா போற சுகர், பிரஷர் உள்ளவங்களே, அந்த மசாலா பாக்கெட் இன்னும் விக்குது. ஆடை எடுத்த பால்ல உறைஞ்ச கெட்டித் தயிர்ல கலந்துக்கோங்க. எண்ணெய் போயிடும். உப்பு போகாது, அதனால பாதி பாக்கெட் போதும்.