சாலையை எந்த மொழியில் அளப்பது?

சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் குமாரபாளையத்தை உரசிக்கொண்டு ஓடுகின்றது. வட்டமலையிலோ வளையக்காரனூரிலோ அதன் ஓரத்தில் ஒரு நாழிகை நின்று பார்த்தாற் போதும்; நம் நாட்டில் பெருஞ்சாலைகள் யாருக்காகப் போடப்படுகின்றன என்பது விளங்கிவிடும். மகிழுந்துகளும் சரக்குந்துகளும் காற்றைக் கிழித்துப் பறக்கின்றன. இரவு முழுதும் விசைத்தறியில் நின்ற தொழிலாளி, மிதிவண்டியைக் கையிற் பிடித்தவாறு, எதிர்ப்புறம் போக இடைவெளி பார்த்து நிற்கின்றான். அவன் நிற்கும் நேரத்தைக் கணக்கெடுப்பார் எவருமிலர்.

இது மிகையுரையன்று. சாலைத் திட்டங்களின் ஊதியத்தையும் இழப்பையும் மதிப்பிடுவதற்கென்று இந்தியச் சாலைப் பேராயம் (இந்தியன் ரோட்சு காங்கிரசு) ஒரு கையேடு வகுத்துள்ளது. அதன்படி மகிழுந்தில் போவாரின் ஒரு மணி நேரத்திற்கு ஒரு விலை. பேருந்தில் போவாரின் அதே ஒரு மணி நேரத்திற்கு அதனினுங் குறைந்த விலை. பொருளுள்ளவன் நேரம் பொன். கூலிக்காரன் நேரம் பதர். இத்தகைய துலாக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தால், விரைவுந்துக்காரனுக்குப் போடும் சாலை என்றும் ஊதியமாகத்தான் முடியும். ஏழை ஏறும் பேருந்து என்றும் இழப்பாகத்தான் தோன்றும்.

இக்கோலைத் தூக்கிக்கொண்டுதான் 2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் வந்தது. நீளம் 277 கி.மீ.; செலவு ஏறத்தாழ 10,000 கோடி உருபா. 'பாரத்மாலா' என்னும் வடமொழிப் பெயரைச் சூட்டிய பெருந்திட்டத்தின் ஒரு கூறு அது. (அதற்கு முந்திய ஆண்டில்தான் வேலூர், கிருட்டிணகிரிப் பக்கத்துச் சாலைக் கற்களில் இந்தியை எழுதி, நாம் எதிர்த்துக் குரலெழுப்பினோம். பெயரில் தொடங்கியது நிலத்தில் வந்து நின்றது.) சென்னைக்குப் போக உளுந்தூர்ப்பேட்டை வழியாக ஒரு நெடுஞ்சாலை உண்டு, கிருட்டிணகிரி, வேலூர் வழியாக இன்னொன்றும் உண்டு. அவை இருக்கவே, அரூர், செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு எனத் தென்னையும் வாழையும் கிணறுமாக விளைந்து நிற்கும் மண்ணை ஊடறுத்து மூன்றாவதொன்று வேண்டுமென்றனர். ஏன்? செல்லும் நேரம் பாதியாகக் குறையுமாம்!

அவ்வாண்டு சூன் திங்களில் காவலர் சூழ வந்து வயல்களில் அளவுக்கல் நட்டனர். மறித்த உழவர் தளையிடப்பட்டனர். 2019 ஏப்பிரல் 8-இல் சென்னை உயர்முறைமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளைத் தள்ளிற்று. 2020 திசம்பர் 8-இல் இந்தியத் தலைமை முறைமன்றம் (உச்சநீதிமன்றம்) அத்தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றி, அறிவிக்கைகள் செல்லும் என்றது. நில ஆவணங்களில் உடையவர் பெயரை முன்னதாகவே மாற்றியது செல்லாது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டது. நிலத்தை முறைப்படி எடுக்குமுன்பே பெயரை எடுத்துவிட்டார்கள் என்றால், அவர்கள் கண்ணில் உழவன் யார் என்று கேட்கின்றேன்.

திட்டத்தால் மக்கள் வாழ்வுக்கு வரும் கேட்டை ஆராய வேண்டுமே, அதற்குச் சட்டமில்லையா என்பீர்கள். உண்டு. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் குமுகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றது. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு. அவற்றுள் ஒன்று 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம்! வேலியைப் போட்டுவிட்டு யானை நுழையும் அகலத்திற்கு வாயிலும் வைத்தார்கள். இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் புதுச் சட்டப்படி. ஊர்க்கு என்ன நேரும் என்னும் கேள்வி எச்சட்டப்படியும் இல்லை.

எஞ்சுவது சூழல் தாக்க அறிக்கை. அதில் மக்கள் மொழியில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள முழு அறிக்கை ஆங்கிலத்தில். எந்த ஏரி மேடாகும், எந்த ஓடை அடைபடும் என்பது சுருக்கத்துள் அடங்குமா? 2020-இல் அம்மதிப்பீட்டு விதிகளையே மாற்றும் வரைவைக்கூட ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது நடுவணரசு. 22 மொழிகளிலும் பெயர்த்துத் தருக என்று தில்லி உயர்முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்ட பின்பும், அதனை எதிர்த்துத் தலைமை முறைமன்றத்துக்கு ஓடிற்று. தமிழில் தர மனமில்லாதவர்க்குத் தமிழன் கருத்து எதற்கு?

'துறைச்சொற்கள் தமிழில் இல்லை' என்று நம்முள்ளேயே சிலர் முனகுவர். பேருந்து, ஓட்டுநர், நடத்துநர் என்னும் சொற்களைக் கேட்டுக் கைகொட்டி நகைத்தவரும் இவரைப் போன்றோரே. இன்று அச்சொற்கள் இல்லாத நிலையம் எந்த ஊரில் உண்டு?

வடவரை மட்டும் பழிப்பது எளிது. அளவுக்கல்லை நட்டது தமிழலுவலர் கை. காவலுக்கு நின்றவரும் தமிழரே. அதே 2018 சனவரியில்தான் தமிழ்நாட்டரசு பேருந்துக் கட்டணத்தைக் கி.மீ.க்கு 42 காசிலிருந்து 60 காசாக ஏற்றிச் சில நாளில் இரண்டு காசு குறைத்தது. கட்டணம் ஏற்றியது மாநில அரசு, சாலை போட வந்தது நடுவணரசு என்று வேறுபாடு காட்டலாம். கைவிட்டுத் துழாவப்பட்ட மடி ஒன்றுதானே?

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 1972 முதல் பேருந்துகளை அரசுடைமையாக்கிச் சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என ஓடவிட்டோம் (குலப்பூசலால் 1997-இல் அப்பெயர்களை இழந்தது நம் வெட்கக்கேடு). 2021 மே 8 முதல் அரசின் எளிய நகர்ப்பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயர். செலவு என்னும் சொல்லே பழந்தமிழில் வழிநடையைக் குறிக்கும், ஆனால் செலவில்லாச் செலவு என்றால் கணக்கர் குழம்புவார் போலும்! ஒரு மகிழுந்தும் வாங்கவியலாத பெண்ணுக்கு நாட்டில் நடந்த பெரிய போக்குவரத்துத் திட்டம் இதுவே. இதிலும் எங்கள் பக்கத்தில் ஒரு குறையுண்டு. தனியார் நகர்ப்பேருந்துகள் மிகுந்த கொங்கு நாட்டில், அவற்றில் இச்சலுகை இல்லை. தறிப்பட்டறைக்குப் போகும் பெண், தனியார் பேருந்து இரண்டைப் போகவிட்டு அரசுப் பேருந்துக்குக் காத்துநிற்கின்றாள். அவளுக்கு வேண்டியது எட்டுவழியன்று. காலையில் இன்னும் இரண்டு பேருந்து.

எட்டுவழிச் சாலைக்கு மீண்டும் அறிவிக்கை விடத் தீர்ப்பில் தடையில்லை. நாளை வேறு பெயரிலும் வரலாம். நிலமெடுக்கும் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து எதிர்ப்புரை தருவதற்குச் சட்டம் அளிப்பது 21 நாள்களே. அன்பர்கள் அந்நாள்களை எண்ணிக்கொண்டு, தமிழிலேயே எழுதுக. முழு அறிக்கையையும் தமிழில் கேட்க. ஊர்மன்றத்தில் (கிராம சபையில்) அதனை உரக்கப் படிக்கச் செய்க. சாலையைக் கடப்போரையும் பேருந்தில் செல்வோரையும் எத்துணை விலையிட்டு எண்ணினீர்கள் என்பதை முதற்கேள்வியாகவே எழுதுக.